கரும்பு ஜூஸ் வண்டி வரைக்கும்

சைக்கிளை விற்கவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து போனில் நீ, "எவனாச்சும் கேட்டா குட்த்துடு நைனா, சும்மா செவுத்துல தொங்கிக்கினு கீது" என்றாய். நான் சரி என்றேன். போனில் எனக்குச் சரி என்பதைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. எழுத்தில் கொஞ்சம் பரவாயில்லை. ஷிப்டு முடிந்து வந்து தபால் வழியில் படித்த பி.ஏ. இதற்காவது உதவட்டும்.

அது சும்மா தொங்கவும் இல்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நாம் இருவரும் பேசாமல் விட்ட ஒரு நாள் இருக்கிறது. இரண்டு வருஷமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் அம்மா மட்டும் எப்போதாவது சுவரைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து நெல்லூர். அங்கிருந்து திரும்ப கும்மிடிப்பூண்டி. ஒரே நாளில். சுமார் இருநூற்று அறுபது கிலோமீட்டர். உனக்கு அப்போது இருபத்தொன்று. டிப்ளமா முடித்து, சிப்காட்டில் அப்ரண்டிஸாக இருந்தாய். முதல் ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து, சென்னையில் யாரோ ஓட்டிவிட்டுப் போட்ட கியர் சைக்கிளை வாங்கி ரயிலில் கொண்டுவந்தாய். சிவப்பு. சீட்டு அவ்வளவு ஒல்லியாக இருந்தது. "இதுல குந்தினா மனுஷன் ரெண்டா பிளந்துருவான்" என்றேன். நீ சிரித்தாய். தினமும் காலையில் எளாவூர் வரை, பிறகு ஆரம்பாக்கம் வரை, பிறகு சூளூர்பேட்டை வரை என்று தூரத்தைக் கூட்டினாய். ஒரு நாள் சாப்பிடும்போது நெல்லூர் என்றாய். சாதத்தைப் பிசைந்துகொண்டே, மிகச் சாதாரணமாக. எனக்கு உள்ளே என்னவோ எழுந்து நின்றது. நம் வீட்டில் யாரும் இப்படி ஒரு காரியத்தை, யாரும் கேட்காமல், கூலியில்லாமல், சும்மா செய்து பார்க்க ஆசைப்பட்டதில்லை. பெருமையாக இருந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "டிவிஎஸ்ல நானும் பின்னாடி வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

நான் செய்த தப்பு அங்கிருந்து தொடங்கவில்லை. அதற்கும் முன்னால், இரும்புக் கம்பி செய்யும் ரோலிங் மில்லில் நான் சேர்ந்த முதல் வருஷத்தில் தொடங்கியது. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் லைனுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு நொடி கண்ணயர்ந்தார். சிவந்த கம்பி தடம் மாறி அவர் காலை உரசிக்கொண்டு போனது. உயிர் பிழைத்தார். அந்த வாடை மட்டும் எனக்குப் பல நாள் போகவில்லை. அன்றிலிருந்து நான் வேலைக்கு முன்னால் சாப்பிடுவதில்லை. டீ. அவ்வளவுதான். ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு டிரம்மில் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் வைத்திருப்பார்கள். யாருக்காவது கண் இருட்டினால் இரண்டு டம்ளர். சரியாகிவிடும். இருபத்தைந்து வருஷம் அதைத்தான் பார்த்தேன். தலை சுற்றினால் உப்பு. கால் இழுத்தால் உப்பு. என் மருத்துவ அறிவு மொத்தமும் அந்த டிரம்மில் இருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். என்னோடு அதே ஃபர்னஸில் நிற்கும் காசிம் பாயை உனக்குத் தெரியும். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து இரும்புக்கு வந்தவர். நோன்பு மாதத்தில் அவர் அந்த வெக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் முழு ஷிப்டும் நிற்பார். மனுஷனுக்கு மனசு இருந்தால் போதும், வயிறு தேவையில்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உன்னையும் அப்படியே வளர்த்தேன். பரீட்சைக்கு வெறும் வயிறு. விளையாட்டுப் போட்டிக்கு வெறும் வயிறு. "துன்னா தூக்கம் வரும்."

நெல்லூருக்குக் கிளம்பின அன்றும் அப்படித்தான். முந்தின இரவு உன் அம்மா மூன்றாவது முறை சோறு போட வந்தபோது நான்தான் தடுத்தேன். காலையில் அவள் இட்லித் தட்டோடு நின்றாள். "ஒரு ரெண்டாவது துன்னுட்டுப் போடா."

"இப்ப இட்லி துன்னா ஆரம்பாக்கத்துல கொர்ட்டை உடுவான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், தட்டைப் பார்த்தாய். டீ மட்டும் குடித்தாய். உன் இரண்டு பாட்டிலிலும் நானே உப்பும் எலுமிச்சையும் கலந்து ஊற்றினேன். சர்க்கரை போடலாமா என்று அவள் கேட்டாள். "இது இன்னா கல்யாண ஊடா?" என்று கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நகைச்சுவையாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

விடிந்து வந்த நேரம். எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் தூங்கிக்கொண்டிருந்தன. நீ அவற்றுக்கு இடது ஓரமாக ஒரே சீராகப் போனாய். தடா. சூளூர்பேட்டை. வெயில் மெல்ல ஏறியது. நான் ஐம்பதடி பின்னால் வந்தேன். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த அந்த இரண்டரை மணி நேரம் என் வாழ்க்கையில் மிக நல்ல இரண்டரை மணி நேரம். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

நாயுடுபேட்டையைத் தாண்டியதும் உன் கால் மாறியது. முதலில் வேகம் குறைந்தது. பிறகு தலை தொங்கியது. பக்கத்தில் வந்து "இன்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுந்தாய். நீ எரிந்து விழுகிற பிள்ளை இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லி உப்புத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாய். ஒரு கிலோமீட்டர் போனாய். மறுபடி நிறுத்தி மறுபடி கொடுத்தேன். அது வாந்தியாக வெளியே வந்தது. உன் கை நடுங்கியது. வேர்வை சில்லென்று இருந்தது. நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "நைனா, நம்ப ஊடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாய்.

விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். "ஏறு, ஏறு. மெறிச்சா சரியாப் பூடும்" என்றேன்.

நீ ஏறினாய். சைக்கிள் ரோட்டின் நடுப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. பின்னால் ஒரு டேங்கர் லாரியின் ஹாரன். நான் கத்தினேன். நீ இடது பக்கம் மண்ணில் விழுந்தாய். வலது பக்கம் விழுந்திருக்கலாம். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ விழுந்த இடத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. அந்தம்மா தெலுங்கில் என்னைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தது. உன்னை நிழலில் உட்காரவைத்து, கரும்பை மெஷினில் விட்டுச் சாறெடுத்து, ஐஸ் போடாமல் கொடுத்தது. ஒரு கிளாஸ். இன்னொரு கிளாஸ். கால் மணி நேரம் இருக்கும். உன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கண் நேராக நின்றது. நீயாக எழுந்தாய், சைக்கிளை நிமிர்த்தினாய், செயினை மாட்டினாய். என்னைப் பார்த்து, "இப்ப போலாம் நைனா" என்றாய்.

நான் போகவிடவில்லை.

பயம். அது ஒன்று. ஆனால் அதைப் பயம் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீ மன்னித்திருப்பாய். நான் வேறொன்று சொன்னேன். அந்தம்மா முன்னால், வண்டியை நிறுத்தி ஜூஸ் குடிக்க வந்த இரண்டு டிரைவர்கள் முன்னால். "உன்னால ஆவாதுடா. ஒத்துக்கோ. இதெல்லாம் நம்பளுக்கு எதுக்கு?" என்றேன். டிரைவர்களில் ஒருவர் தெற்கே வருகிறவர். சைக்கிளை வெங்காய மூட்டைமேல் கட்டி, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் டிவிஎஸ்ஸில் பின்னால் வந்தேன். காலையில் உன் முதுகைப் பார்த்து வந்த அதே ரோட்டில் வெங்காய மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு.

எளாவூரில் லாரி வரிசையில் நின்றது. நீ இறங்கி வந்தாய். "சைக்கிளுக்கும் பர்மிட் கேப்பான் தம்பி, எடுத்து வை" என்று டிரைவர் மேலிருந்து கத்தினார். நீ சிரிக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாக, "நைனா, அந்த ஜூஸ் குட்ச்சதும் கால் வந்துச்சி. நெசமா. புதுக் கால் மாரி" என்றாய்.

"நெழல்ல குந்தினா எல்லாருக்கும் வரும்" என்றேன்.

அன்று சாயங்காலம் சுவரில் ஆணி அடித்து சைக்கிளை மாட்டினாய். உன் அம்மா உனக்கு மூன்று முறை சோறு போட்டாள். நீ மூன்று முறையும் சாப்பிட்டாய்.

நீ புனேவுக்குப் போன பிறகு, உன் மேஜை டிராயரில் டார்ச்சுக்கு பேட்டரி தேடினேன். நான்காக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தது. ஆங்கிலம். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கிறவன் ஒரு மணி நேரத்துக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம். உடம்பில் சேர்த்து வைத்திருப்பது சில மணி நேரம்தான் தாங்கும். அது தீர்ந்தால் கால் நிற்கும், தலை குழம்பும், கோபம் வரும், வழி மறக்கும். அந்த வரிக்குக் கீழே நீ பேனாவால் கோடு போட்டிருந்தாய். ஓரத்தில் ஒரே ஒரு சொல். கரும்பு.

உனக்குத் தெரிந்திருக்கிறது. வந்து என்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

காகிதத்தை மில்லுக்குக் கொண்டுபோய்க் காசிம் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பையும் சேர்த்து. அவர் சிரித்த சிரிப்பில் ஆபரேட்டர் ரூமிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. "அட இன்னாப்பா நீ! நான் வெறும் வயித்துலயா நோன்பு வெக்கிறேன்? விடியறதுக்கு முன்னாடி சஹர்ல எங்க ஊட்ல ஒரு படி சோறு போடுவா. நீ என்னிய மில்லுலதான பாத்த, ஊட்ல பாத்தியா? நோன்புக்குக்கூட துன்னுட்டுதான் போவணும். உன் புள்ளைய சஹரும் இல்லாம, இஃப்தாரும் இல்லாம அனுப்பிக்கிற. படா ஆளுப்பா நீ." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஃபர்னஸைக் காட்டினார். "இதுக்கு உப்புத் தண்ணி ஊத்தினா எரியுமா?"

இருபத்தைந்து வருஷம் அந்த பர்னருக்கு எண்ணெய் போகிற அளவைப் பார்ப்பதுதான் என் வேலை. அளவு குறைந்தால் ஃபர்னஸ் உடனே காட்டாது. கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருக்கும், ஏமாற்றும். ஆற ஆரம்பித்த பிறகு எவ்வளவு கொட்டினாலும் பழைய சூட்டுக்கு ஏற அரை ஷிப்டு ஆகும். அதனால் குறைவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும். கொஞ்சமாக, விடாமல். எந்தப் புது ஆளுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

அடுத்த வார லீவில் உன் சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

ஆமாம். ஓட்டினேன். ஐம்பது வயதில், லுங்கியை விட்டுவிட்டு உன் பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு. சீட்டை இரண்டு விரல் இறக்கினேன். தெருமுனைக் கடையில், "பையன் புனேக்குப் போனான், அப்பன் புது மாப்ள ஆயிட்டான்" என்றார்கள். முதல் நாள் எளாவூர் போய் வருவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் நான் தூரத்துக்காகப் போகவில்லை. தின்னக் கற்றுக்கொள்ளப் போனேன். அது மிதிப்பதைவிடக் கஷ்டம். சிரிக்காதே. வேலைக்கு நடுவில் வாய் அசைத்தால் தப்பு செய்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. முதல் வாழைப்பழத்தைத் திருடனைப் போலச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் உரித்தேன்.

ஒரு வருஷத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். எல்லாம் என் வயிற்றில் சோதித்தது. வாட்ச்சைப் பார்த்துத் தின்ன வேண்டும், பசியைப் பார்த்து அல்ல. பசி வந்துவிட்டால் நீ ஏற்கெனவே தாமதம். கிளம்பி அரை மணியில் முதல் வாய், பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும். அரை வாழைப்பழம், இல்லையென்றால் இரண்டு பேரீச்சை. அதோடு குடிப்பதிலும் இனிப்பு இருக்க வேண்டும். கடலை மிட்டாய் எனக்குப் பிடித்ததுதான், ஆனால் மூச்சு வாங்கும்போது தொண்டையில் நிற்கிறது, வயிற்றிலும் சீக்கிரம் இறங்குவதில்லை. அதை நின்று தின்னலாம். வெல்லத்தைப் பாக்கெட்டில் போடாதே. ஆரம்பாக்கத்தில் என் தொடை முழுக்க எறும்பு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி வேண்டாம், சூளூர்பேட்டை வரை நெஞ்சு எரிந்தது. இதே இட்லியைச் சர்க்கரை தொட்டு, கிளம்புவதற்கு முன்னால் நான்கு தின்றால் அருமை. எல்லாவற்றிலும் சிறந்தது உன் அம்மா கண்டுபிடித்தது. பச்சரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, சர்க்கரை நிறையப் போட்டு, உப்பு ஒரு சிட்டிகை. பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் தின்னவே வேண்டாம், குடித்துக்கொண்டே போகலாம். வெயில் ஏறினால் புளித்துவிடும். அதனால் ஒன்பது மணிக்குள் தீர்த்துவிட வேண்டும், பிறகு குளுக்கோஸ் தண்ணீர். முதல் முறை அந்தக் கஞ்சியைக் கலக்கும்போது அவள் சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "போடலாமா, இல்ல இது கல்யாண ஊடு இல்லியா?" என்று கேட்டாள். அத்தனை நாளாகக் காத்திருந்திருக்கிறாள்.

போன மாதம் லீவு போட்டேன். விடியற்காலை கிளம்பினேன். இட்லி, கஞ்சி, பழம், காசிம் பாய் கொடுத்த பேரீச்சை. மெதுவாகத்தான். நீ இரண்டரை மணி நேரத்தில் போனதை நான் ஐந்து மணி நேரத்தில் போனேன். நாயுடுபேட்டை தாண்டியபோது எனக்கும் உன்னைப் போலவே ஆகும் என்று உடம்பு எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. ஆகவில்லை. கால் வலித்தது, முதுகு வலித்தது, ஆனால் தலை தெளிவாக இருந்தது. வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

புளியமரம் அங்கேயே இருக்கிறது. வண்டியும். அந்தம்மாவும். என்னை அடையாளம் தெரியவில்லை. சைக்கிளை அடையாளம் தெரிந்தது. "மீ அப்பாயி ஏடி?" என்று உன்னை விசாரித்தது. புனேயில் வேலை என்றேன். ஒரு கிளாஸ் கொடுத்தது. குடித்தேன். நீ சொன்னது நிஜம். நான் களைத்திருந்தது வெயிலால் என்று நினைத்திருந்தேன். குடிப்பதற்கு முன்னால் நிழலில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. குடித்த பிறகுதான் கால் வந்தது. புதுக் கால் மாரி.

நீ எளாவூரில் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள இரண்டு வருஷமும் எழுபது கிலோமீட்டரும் ஆகியிருக்கிறது.

அந்தம்மா வடக்கே கை காட்டி ஏதோ கேட்டது. இன்னும் போகிறாயா என்று இருக்கும். அந்த இடத்திலிருந்து ரோடு லேசாக ஏறி ஒரு வளைவில் மறைகிறது. வளைவுக்கு அப்பால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. காலும் இருந்தது. ஆனால் சைக்கிளைத் தெற்கே திருப்பினேன். அந்த வளைவிலிருந்து நெல்லூர் வரைக்கும் உன்னுடையது. நீ பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்கக் கூடாது.

பொங்கலுக்கு வா. அப்போது வெயிலும் குறைவு. சீட்டை உன் உயரத்துக்கு, நீ பிளேடால் கீறி வைத்த கோட்டுக்கே ஏற்றிவிட்டேன். பின் டயர் புதிது. உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போ, நான் கேட்க மாட்டேன். இஷ்டம் இருந்தால் டிவிஎஸ் வராது. நான் மூலையில் கிடக்கும் என் பழைய கருப்பு சைக்கிளில் உனக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவேன். வழியில் எங்கேயாவது என்னைத் தாண்டிப் போவாய். தாண்டும்போது ஏதாவது தின்றாயா என்று கத்துவேன், பொறுத்துக்கொள். புளியமரத்தடியில் எனக்காகக் கொஞ்சம் காத்திரு.

இரண்டு கிளாஸ் சொல்லுவோம். ஐஸ் இல்லாமல். குடித்து முடித்து, அன்றைக்குச் செயினை மாட்டிவிட்டுச் சொன்ன அதையே நீ இன்னொரு முறை சொல்ல வேண்டும். நான் உன் பைக்குள் பேரீச்சை இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்ப்பேன். பிறகு ஊருக்குத் திரும்புவேன். நீ வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு.

நைனா